லூயிஸ்பர்க் கோட்டை: முதன்முறை போகிறவர்களுக்கு

லூயிஸ்பர்க் போய்வந்தவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: நேரம் போதவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் போய் இறங்குவார்கள். பீரங்கி வெடிப்பதைப் பார்த்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். அப்படிப் பார்க்கிற இடமில்லை இது. முழுதாக ஒரு நாள் ஒதுக்க முடியாதென்றால் இன்னொரு பயணத்துக்குத் தள்ளிப்போடுவது மேல்.

இடம், கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவு. அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் இந்த மதில் சூழ்ந்த ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்துக் கனடா அரசு அதன் ஒரு பகுதியை அதே அடித்தளங்களின் மேல் திரும்பக் கட்டியெழுப்பியது. இன்று பார்க்ஸ் கனடா அமைப்பின் பராமரிப்பில் தேசிய வரலாற்றுச் சின்னமாக இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு, கூடவே சென்னை

வரலாறு தெரியாமல் போனால் இது அழகான பழைய தெரு, அவ்வளவுதான். நாலு தேதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1713-இல் உத்ரெக்ட் உடன்படிக்கைப்படி பிரான்ஸ் நியூஃபவுண்ட்லாந்தையும் நோவா ஸ்கோஷியா பெருநிலத்தையும் பிரிட்டனிடம் இழந்தது. கையில் மிஞ்சிய தீவுகளில் ஒன்று இது. இல் ருவாயால், அதாவது அரசரின் தீவு என்று பெயரிட்டு, அதே ஆண்டில் லூயிஸ்பர்க்கை நிறுவினார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தத் தீவை உனமாகி என்று அழைத்தார்கள். ஊரை வாழவைத்தது காட் மீன். பிடித்து, பிளந்து, உப்பிட்டு, பரண்களில் உலர்த்தி ஐரோப்பாவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். கருவாட்டுக்காகக் கட்டிய கோட்டை என்று சொன்னால் பாதி விளையாட்டு, பாதி உண்மை.

1745-இல் நியூ இங்கிலாந்திலிருந்து, அதாவது இன்றைய அமெரிக்காவின் வடகிழக்கில் அன்றிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து, வில்லியம் பெப்பெரல் தலைமையில் ஏறத்தாழ 4,000 பேர் வந்திறங்கினார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பீட்டர் வாரனின் கப்பல்கள் துறைமுகத்தை அடைத்தன. ஏழு வாரத்துக்குள் கோட்டை விழுந்தது. அடுத்த ஆண்டு, 1746-இல், உலகின் மறுபக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தையும் புனித ஜார்ஜ் கோட்டையையும் பிடித்துக்கொண்டார்கள். 1748-இல் ஐ-லா-ஷாபெல் உடன்படிக்கையில் இரண்டும் கைமாறின: லூயிஸ்பர்க் பிரான்சுக்கு, சென்னை ஆங்கிலேயருக்கு. தங்கள் ரத்தத்தைச் சிந்திப் பிடித்த கோட்டையைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்களே என்று நியூ இங்கிலாந்துக்காரர்கள் கொதித்தார்கள். 1748-இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்று, 1749-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்ட எட்வர்டு போஸ்காவென்தான் 1758-இல் லூயிஸ்பர்க்கைச் சூழ்ந்த கப்பற்படைக்குத் தலைவர். இந்த இரண்டாம் முற்றுகையில் ஜூன் 8 அன்று கரையேறினார்கள், ஜூலை 26 அன்று கோட்டை சரணடைந்தது. 1760-இல் மதில்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்னொரு உடன்படிக்கையில் ஊர் மறுபடி பிரான்சின் கைக்குப் போனாலும் பயன்படக் கூடாது என்பதே நோக்கம். மறு ஆண்டு புதுச்சேரிக்கும் அதே கதி.

மறுகட்டுமானம் 1961-இல் தொடங்கியது. கேப் பிரெட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குக் கல் கொத்தவும் தச்சு வேலை செய்யவும் பயிற்சி கொடுத்தார்கள். பழைய ஊரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எழுந்தது. மிச்ச முக்கால் பங்கு புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அதையும் நடந்து பார்க்க வேண்டும்.

எப்போது போவது

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களே முழுப் பருவம். 1744-ஆம் ஆண்டு உடையில் சமையற்காரி, சிப்பாய், மீனவர், இசைக்கலைஞர் என்று ஊரே ஆட்களோடு இருக்கும். துப்பாக்கியும் பீரங்கியும் சுடுவதைப் பார்க்கலாம், உணவகங்கள் திறந்திருக்கும். முற்றுகைக்கு முந்தைய கடைசிக் கோடைகாலம் என்பதால் 1744-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மே, ஜூன் மாதங்களிலும் செப்டம்பர் நடுவுக்குப் பிறகும் கூட்டம் குறைவு, கூடவே பல வீடுகள் பூட்டியிருக்கும், உடையணிந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். கல்லையும் கடலையும் அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது சரி. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கவும். குளிர்காலத்தில் வெளிப்புறத்தைச் சுற்றி நடக்கலாமே தவிர உள்ளே பார்க்க அதிகம் இருக்காது. திறக்கும் நேரமும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறுவதால், கிளம்புவதற்கு முந்தின வாரம் பார்க்ஸ் கனடாவின் லூயிஸ்பர்க் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 17 வயது வரை நுழைவு இலவசம். பார்க்ஸ் கனடாவின் வருடாந்திர அனுமதி அட்டை இருந்தால் இங்கேயும் செல்லும்.

போய்ச்சேர்வது

அருகிலுள்ள நகரம் சிட்னி. ஆஸ்திரேலியச் சிட்னி அல்ல, கேப் பிரெட்டனில் உள்ளது. விமானச்சீட்டு எடுக்கும்போது விமான நிலையக் குறியீடு ஒய்-கியூ-ஒய் என்று இருக்கிறதா பாருங்கள். ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. சிட்னியிலிருந்து 22-ஆம் எண் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஹாலிஃபாக்ஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நிறுத்தங்களோடு ஐந்தரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வழியில் கடலின் குறுக்கே கல் கொட்டிப் போட்டு 1955-இல் திறந்த கான்சோ பாதையைக் கடந்தால்தான் தீவு. அங்கிருந்து இரண்டு வழி: பாடெக் ஊர் வழியாக 105-ஆம் எண் நெடுஞ்சாலை, செயின்ட் பீட்டர்ஸ் வழியாக 4-ஆம் எண் சாலை. முதலாவது விரைவு, இரண்டாவது ஏரிக்கரையோரமாக வளைந்து போகும். ஹாலிஃபாக்ஸிலிருந்து காலையில் கிளம்பி அன்றே கோட்டையைப் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். முந்தின இரவு சிட்னியிலோ லூயிஸ்பர்க் ஊரிலோ தங்குங்கள். லூயிஸ்பர்க் சின்ன ஊர், கோடைகாலத்தில் விடுதி அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். மளிகை, மருந்து, கைக்குழந்தைக்கான பொருள் எல்லாம் சிட்னியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கார் இல்லாமல் இது கடினமான பயணம். கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கார் எடுத்தால் செலவு பெரிதாகத் தெரியாது. டொராண்டோ, மாண்ட்ரியலிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். அந்தி மயங்கியபின் மான்கள் சாலைக்கு வரும், வேகம் வேண்டாம்.

உடையும் பையும்

சிட்னியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், அரை மணி நேரம் ஓட்டிக் கோட்டைக்கு வந்தால் மூடுபனி முகத்தில் அறையும். குளிர்ந்த கடல்நீரின் மேல் தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று படியும்போது பனி திரண்டுவிடுகிறது. ஆகவே ஜூலை மாதமானாலும் காற்றுப்புகாத மேலாடை ஒன்று ஆளுக்கொன்று வேண்டும். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. குடை எடுக்காதீர்கள், அந்தக் காற்றில் முதல் ஐந்து நிமிடத்திலேயே மடங்கிப்போகும், தலையை மூடும் மழைச்சட்டையே சரி.

காலுக்கு அழுத்தமான அடிப்பாகம் உள்ள காலணி. தெருக்கள் சரளையும் உருளைக்கல்லும், கொத்தளத்தின் சரிவுகள் ஈரமானால் வழுக்கும் புல். சேலையும் செருப்புமாக வந்து அவதிப்பட வேண்டாம். சின்னச் சக்கரம் கொண்ட குழந்தை வண்டி கல்லில் சிக்கும். பெரிய சக்கர வண்டியோ முதுகில் கட்டும் தூளியோ இருந்தால் நல்லது. பழைய வீடுகளில் வாசற்படி உயரம், மாடிப்படி குறுகல். முழங்கால் வலியுள்ள பெரியவர்களைக் கீழ்த்தளங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் வரவேற்பு மையத்தில் முதலிலேயே சொல்லிவிட்டால் வழி காட்டுவார்கள்.

நோவா ஸ்கோஷியாவில் கருங்கால் உண்ணிகள் உண்டு, லைம் நோய் பரப்புபவை. புல்வெளிப் பாதைகளில் நடக்கப் போகிறவர்கள் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் காதுப்புறம் எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

கோட்டைக்குள் ஒரு நாள்

திறக்கும் நேரத்துக்கே, பொதுவாகக் காலை 9:30 மணி, வரவேற்பு மையத்தில் இருங்கள். கோடைகாலத்தில் காரை இங்கே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும், சில நிமிடப் பயணம். பருவம் தாழ்ந்த மாதங்களில் பேருந்து ஓடாது, நேராகக் கோட்டைப் பக்கத்து நிறுத்துமிடத்துக்கே ஓட்டிப்போகலாம். பேருந்தில் ஏறுமுன் மூன்று காரியம்: அன்றைய நிகழ்ச்சி அட்டவணையை வாங்குங்கள், வரைபடத்தை வாங்குங்கள், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறந்துபோன பொருளுக்காகக் காருக்குத் திரும்பினால் போகவர முக்கால் மணி நேரம் வீணாகும்.

பேருந்து ஊருக்கு வெளியே இறக்கிவிடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், 1744-இல் தரைவழியே வந்தவர் எப்படி நுழைவாரோ அப்படி நீங்களும் நுழைய வேண்டும் என்று. முதலில் ஒரு மீனவர் வீடு, மதிலுக்கு வெளியே. பிறகு அகழிப்பாலம், தோஃபின் வாயில். காவலுக்கு நிற்கும் சிப்பாய் உங்களை மறித்து, ஆங்கிலேய உளவாளியா என்று அதட்டுவார். சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு அன்றைய நாளின் உயர்ந்த தருணமே அதுதான். அவர்கள் உடைதான் பழையது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எதை வேண்டுமானாலும் கேட்கலாம். “இது உண்மையா, போலியா?” என்று கேட்பதைவிட “இந்த வேலைக்கு உனக்கு என்ன கூலி, மீதி நேரம் என்ன செய்வாய்?” என்று கேட்டால் கதை வரும்.

வாயிலைத் தாண்டியதும் எல்லாரும் கடலோரத் தெருவில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் வலப்பக்கம் மேட்டில் தெரியும் கூர்கோபுரத்தை நோக்கி நேராக ஏறிப்போங்கள். அதுதான் அரசர் கொத்தளம். அதன் படைவீட்டுக் கட்டடம் நூறு மீட்டருக்கும் நீளம், அன்றைய வட அமெரிக்காவின் பெரிய கட்டடங்களில் ஒன்று. காலையில் கூட்டம் வருமுன் இதைப் பார்த்து முடிப்பதுதான் நாளை மிச்சப்படுத்தும் வழி. ஒரு கோடியில் ஆளுநரின் அறைகள்: பட்டுத்திரை, மேசைவிரிப்பு, பீங்கான். நடுவில் தேவாலயம். ஊருக்கென்று தனிப் பங்குக்கோயில் கடைசிவரை கட்டப்படாததால் மக்களும் இங்கேதான் வந்தார்கள். அதைத் தாண்டிச் சிப்பாய்களின் அறைகள்: ஒரு கட்டிலுக்கு இருவர், வைக்கோல் மெத்தை, புகையடித்த சுவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு 1744 டிசம்பரில் சிப்பாய்கள் ஏன் கலகம் செய்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொத்தள மதில் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கடற்பக்கம் துறைமுக வாய் குறுகல், அதற்குள் ஒரு சின்னத் தீவில் பீரங்கி மேடை இருந்தது. அந்தப் பக்கம் வருவது எந்தக் கப்பலுக்கும் கடினம். இப்போது தரைப்பக்கம் திரும்புங்கள். மதிலுக்கு அப்பால் சின்னச் சின்ன மேடுகள் தெரிகின்றனவா? கோட்டையின் சாவி அங்கேதான் இருந்தது. எதிரி அந்த மேடுகளில் பீரங்கியை ஏற்றிவிட்டால் ஊர் கைக்கெட்டும் தூரம். இரண்டு முற்றுகையும் அப்படித்தான் முடிந்தன.

இன்னொரு எதிரி வானிலை. இங்கே பூசிய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தில் எளிதில் இறுகாது. இறுகியதும் குளிர்காலத்தில் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து உதிரும். மதிலின் முகத்தில் பலகை அடித்து மூடிப் பார்த்தார்கள். பாரிஸ் கருவூலத்திலிருந்து பணம் வந்துகொண்டேயிருந்தது, மதில் உதிர்ந்துகொண்டேயிருந்தது.

பதினொன்றரைக்குள் அரசர் அடுமனைக்கு இறங்கிவிடுங்கள். சிப்பாய்க்கு நான்கு நாளைக்கு ஆறு பவுண்டு ரொட்டி ஒன்று என்பது படி. அதே மாதிரிக் கரிய, கனத்த ரொட்டியை விற்கிறார்கள். பிற்பகலில் தீர்ந்துபோயிருக்கலாம், காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மென்றால் தாடை வலிக்கும், சூப்பில் தோய்த்தால் நன்றாக இருக்கும்.

மதிய உணவுக்குக் கடலோரத் தெருவில் உள்ள பழைய பாணி உணவகங்கள். ஓத்தெல் தெ லா மரீன் அன்று எளியவர்களின் சாராயக்கடை. இன்றும் அங்கே நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து, பெரிய கரண்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். தட்டு வெள்ளீயக் கலவை, நம்மூர் ஈயச் சொம்புக்கு உறவு. பட்டாணி சூப், இறைச்சி, மீன் என்று பட்டியல் சுருக்கமானது. சைவர்கள் சூப்பில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், அந்தக் காலத்துச் சமையலில் அது வழக்கம். நம்பிக்கை இல்லையென்றால் கட்டுச்சோறு எடுத்துப்போவதே நிம்மதி. பன்னிரண்டரை மணிக்கு மேல் வரிசை நீளும்.

பிற்பகலில் வீடுகளைப் பார்க்கலாம். எல்லா வீட்டுக்குள்ளும் நுழையத் தேவையில்லை, நாலைந்து போதும். நிதி நிர்வாகியின் மாளிகை, ஒரு படை அதிகாரியின் வீடு, தோட்டங்கள். கடலோரத்தில் மஞ்சள் நிற ஃபிரெடரிக் வாயில், கடல்வழி வந்தவர்களின் நுழைவாயில். அங்கிருந்து கரைச்சுவரையும் நீர்மட்டத்தையும் கவனியுங்கள். 1740-களில் இருந்ததைவிடக் கடல் இன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்திருக்கிறது. மரி மார்கரித் ரோஸ் பற்றிய விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். 1755-இல் விடுதலை பெற்று, மிக்மாக் இனத்தவர் ஒருவரை மணந்து, இந்த ஊரிலேயே சாராயக்கடை நடத்தி, 1757-இல் இறந்தார். ஆளுநரின் பட்டுத்திரைகளைவிட அவர் வாழ்க்கை இந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

துப்பாக்கி, பீரங்கிச் சுடுதலுக்குப் பத்து நிமிடம் முன்பே போய்க் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் புகை மட்டுமே தெரியும். கைக்குழந்தைகளின் காதைப் பொத்துங்கள்.

புல்லுக்கு அடியில்

கடைசிப் பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, கட்டிய வீடுகள் முடியும் இடத்துக்கு நடங்கள். முதலில் மக்லெனன் அருங்காட்சியகம். மறுகட்டுமானத்துக்கு வெகு முன்பே, 1930-களில் எழுந்த கட்டடம். முழு ஊரின் மாதிரியுரு ஒன்று உள்ளே இருக்கிறது. அதைப் பார்த்தபின் வெளியே வந்தால் புல்மேடு ஒவ்வொன்றும் ஒரு தெருவாக, மருத்துவமனையாகத் தெரியத் தொடங்கும்.

அப்பால் ரோஷ்ஃபோர் முனைப் பாதை, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுற்று. காற்று பலமாக இருக்கும், மறைப்பு எதுவுமில்லை. இது ஊரின் இடுகாடு. கடல் கரையை அரித்துக்கொண்டே வருவதால் எலும்புகள் அடித்துப்போகுமுன் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்துப் பாதுகாக்கிறார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், ஓட்டுத்துண்டோ ஆணியோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். உலோகங்காட்டி கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

மறுநாள் காலை

அரை நாள் கையில் இருந்தால் கோட்டைக்குத் திரும்ப வேண்டாம், எதிரி நின்ற இடங்களுக்குப் போங்கள். முதலாவது, துறைமுகத்தின் எதிர்க்கரையில் கலங்கரை விளக்க முனை. கனடாவின் முதல் கலங்கரை விளக்கம் 1734-இல் இங்கேதான் ஏற்றப்பட்டது, இரண்டே ஆண்டில் தீப்பிடித்தது. இன்று நிற்பது 1923-இல் கட்டியது, பழைய அடித்தளக் கல் அருகிலேயே கிடக்கிறது. இந்தப் பாறையிலிருந்து பார்த்தால் முழுக் கோட்டையும் தண்ணீருக்கு அப்பால் வரிசையாகத் தெரியும். 1745-இலும் 1758-இலும் இங்கேயே பீரங்கி நிறுத்தித் தீவின் பீரங்கி மேடையை வாயடைத்தார்கள். கரையோரப் பாறைகளில் அலை திடீரென்று ஏறும், குழந்தைகளை விளிம்புக்கு விடாதீர்கள்.

இரண்டாவது, கோட்டைக்கு மேற்கே கென்னிங்டன் கோவ். இன்று உள்ளூர்க்காரர்கள் குளிக்க வரும் மணற்கரை, 1758 ஜூன் 8 காலையில் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜேம்ஸ் வுல்ஃப் படகுகளோடு மோதிக் கரையேறிய இடம். அலையும் பிரெஞ்சுத் துப்பாக்கிகளும் சேர்ந்து படகுகளைத் திருப்பியனுப்ப இருந்த நேரத்தில், ஓரத்துப் பாறை மறைவில் இரண்டு மூன்று படகுகள் ஒதுங்கிவிட்டன, அந்த இடைவெளியே போதுமானதாயிற்று. போகும் சாலையின் கடைசிப் பகுதி சரளை, மெதுவாக ஓட்டுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேபட் டிரெயில் சாலையையும் இதே நாளில் சேர்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மலைச்சாலை அது. அதற்குத் தனியாக இரண்டு நாள் வையுங்கள்.